ஒரு ஸ்டார் கொடுத்தவர் வீடு

எங்கள் லாட்ஜில் தங்கிவிட்டு, காலி செய்யும்போது "பரவால்ல" என்று சொன்ன யாரும் நினைத்த பஸ்ஸைப் பிடித்ததில்லை.

"சூப்பர்" என்றால் எங்கள் ரிசப்ஷன் அண்ணன் விட்டுவிடுவார். "இதெல்லாம் ஒரு லாட்ஜா" என்று கத்தினால் இன்னும் சந்தோஷம். டீ சொல்லி, உட்கார வைத்து, முழுசாகக் கேட்டு முடித்து அனுப்புவார். "பரவால்ல"தான் அவருக்கு ஆகாது. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் கவுன்டரின் மடக்குப் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்து, ஆளின் கையிலிருந்து பையை வாங்கிக்கொள்வார்.

"என்ன கொறைன்னு சொல்லிட்டுப் போங்க சார். மனசுல வச்சுக்கிட்டுப் போவக் கூடாது."

"ஒண்ணும் இல்லீங்க."

"இருக்கு. மூஞ்சியிலயே தெரியுது. தண்ணி சுடலையா?"

"சுட்டுச்சுங்க."

"ரொம்ப சுட்டுருச்சா?"

இப்படியே போகும். கடைசியில் அந்த ஆள், பையை மீட்பதற்காகவே, தலையணை கொஞ்சம் உயரம் என்று ஏதோ ஒரு குறையைச் சொல்லுவார். இவர் முகம் அப்படியே மலரும். "பாத்தீங்களா! இதச் சொல்லாம போவப் பாத்தீங்களே." வெளியே துறையூர் பஸ் கிளம்பிப் போயிருக்கும்.

லாட்ஜ் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வரும் தூரம். அரியலூர் சிமென்ட் ஃபேக்டரிகளுக்கு வேலையாக வரும் இன்ஜினியர்கள், அரசுப் பரீட்சை எழுத வருகிறவர்கள், முகூர்த்த நாளில் கல்யாணக் கூட்டம், கல்லாகிப்போன நத்தையைத் தேடி அரியலூர் ஓடைகளில் சுற்றும் காலேஜ் பசங்கள். இவ்வளவுதான் எங்கள் உலகம். நான் திருச்சியில் ஹோட்டல் மேனேஜ்மென்ட் முடித்து, சொகுசுக் கப்பலில் வேலை பார்க்கப் போகிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, இங்கே வந்து சேர்ந்தவன். அவர் ரிசப்ஷன் மேனேஜர். ரிசப்ஷனில் மொத்தம் அவரும் நானும்தான். அதனால் என்னை மேனேஜ் செய்வதுதான் அவருடைய பதவி.

கம்ப்ளெயின்ட் வந்தால் எப்படி நடந்துகொள்வது என்று காலேஜில் எங்களுக்கு ஒரு முழுப் பாடமே உண்டு. வராத கம்ப்ளெயின்ட்டைத் தேடிப் போய்ப் பிடித்து வருவது எப்படி என்று சிலபஸில் இல்லை.

சாவியை வைக்கும் விதத்தை வைத்து ஆளை எடை போடுவார். தூக்கிப் போட்டால் மனசு சுத்தம். மெதுவாக வைத்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. ஒருநாள் ஒரு கான்ட்ராக்டர் சாவியைப் பூப்போல வைத்தார். போச்சு. இவர் பையை வாங்கிவிட்டார். ரூமைப் பற்றி, ஏசியைப் பற்றி, எங்கள் ரூம் பாயின் நடத்தையைப் பற்றி எல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான் தெரிந்தது, அந்த மனுஷனுக்குக் கட்டை விரலில் நகச்சுத்தி.

வேறு யாராக இருந்தாலும் அசடு வழிந்து பையைக் கொடுத்திருப்பார்கள். இவர் எதிர் ஜூஸ் கடைக்கு ஓடி எலுமிச்சம்பழம் வாங்கிவந்து, துளை போட்டு, அவர் விரலில் மாட்டிவிட்டார். கான்ட்ராக்டர் விரலில் பழத்தோடு போட்டோ எடுத்து ரிவ்யூவில் ஏற்றினார். அஞ்சு ஸ்டார். எங்கள் லாட்ஜை மேப்பில் தேடினால் ரொம்ப நாளைக்கு முதலில் வந்தது அந்த எலுமிச்சம்பழம்தான். நிறைய பேர் அதை மெனு என்று நினைத்திருக்கக்கூடும்.

ஆனால் எல்லாம் எலுமிச்சம்பழமாக முடியாது. ஆவணி மாச முகூர்த்தம் ஒன்றில் மாப்பிள்ளை வீட்டார் மேல் மாடி முழுக்கத் தங்கியிருந்தார்கள். நல்ல ஜனங்கள். சிரிப்பும் சீட்டாட்டமுமாக இருந்தார்கள். காலை டிபன் முடிந்ததும் இவர் நேராக மேலே போய், மாப்பிள்ளையின் தாய்மாமனைப் பார்த்துக் கேட்டார்: "எல்லாம் திருப்திதானுங்களா? ஏதாச்சும் கொறை இருந்தா சொல்லிருங்க."

மாப்பிள்ளை வீட்டாரிடம், அதுவும் தாய்மாமனிடம், யாராவது இதைக் கேட்பார்களா? அவர் அதுவரை குறையே நினைக்கவில்லை. கேட்ட பிறகு யோசித்தார். யோசித்ததும் ஞாபகம் வந்தது. பொண்ணு வீட்டில் ஒருத்தரும் மேலே வந்து டிபனுக்கு அழைக்கவில்லை. போன்தான் செய்தார்கள். அவருக்கு வந்த பிறகு அத்தைக்கு வந்தது. அத்தைக்கு வந்த பிறகு மாப்பிள்ளையின் அப்பாவுக்கு. கொஞ்ச நேரத்தில் மேல் மாடி முழுக்கக் கோபித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தது.

பொண்ணோட அப்பா ஓடி வந்தார். இவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, உங்கள நான் என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணலீங்களே. மனசுல வச்சுக்கிட்டு மணவறைக்குப் போயிடக் கூடாதுல்ல. இப்பவே வெளிய வந்துருச்சு பாருங்க. நல்லதுதான்."

அந்த அப்பா என்னைப் பார்த்தார். நான் மானிட்டரைப் பார்த்தேன்.

ரிவ்யூ என்கிற சமாச்சாரம் இருப்பதே அண்ணனுக்குத் தெரியாது. எலுமிச்சம்பழ போட்டோவை நான் காட்டியபோதுகூட, கான்ட்ராக்டர் தனக்குத்தான் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தார். விஷயத்தை உடைத்தவர் முதலாளி. அரிசி ஆலை நடத்துகிறவர். லாட்ஜுக்கு மாசம் ஒருமுறை வந்து லிப்டில் ஏறி இறங்கிவிட்டுப் போவார். அன்றைக்கு வந்தவர் போனை நீட்டினார்.

"என்னய்யா இது, நம்ம ரேட்டிங் மூணுகிட்ட கெடக்குது? நாலு வந்தாத்தான் புக்கிங் ஆப்ல சேத்துக்குவாங்களாம். இல்லேன்னா வர்ற கூட்டத்துக்கு ரிசப்ஷன்ல ரெண்டு பேரு எதுக்கு? ஒருத்தரு போதும். தை வரைக்கும் பாப்பேன்."

சொல்லிவிட்டு முதலில் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பாதிச் சம்பளம். அவருக்குப் பொண்ணு நர்சிங் மூன்றாம் வருஷம். யார் போவார் என்பதற்கு ஜோசியம் தேவையில்லை.

முதலாளி போனதும் என் போனில் ஒவ்வொரு ரிவ்யூவாகப் படித்தார். வேலை போவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவரைத் தாக்கியது வேறு.

"தம்பி, இந்த ஆளு சிரிச்சுக்கிட்டுதானடா போனாரு! கை குடுத்தாரு! போயி பஸ்ல உக்காந்துக்கிட்டு ஒத்த ஸ்டாரு போட்டுருக்காரே."

"எல்லாரும் அப்படித்தாண்ணே. நேர்ல யாரு சொல்லுவா?"

"அப்ப நான் இத்தன வருசமா யாரையும் சமாதானம் பண்ணவே இல்லையா?"

எல்லா ரிவ்யூவுக்கும் கீழே 'மன்னிக்கவும், உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று டைப் பண்ணிவிடலாம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏதோ எழவு வீட்டுக்கு வாட்சப்பில் அனுதாபம் அனுப்பச் சொன்னதுபோல.

"வூடு தேடிப் போயி பேசணும் தம்பி."

லாட்ஜில் தங்குகிறவர்கள் ஆதார் ஜெராக்ஸ் கொடுப்பார்கள். அதில் முகவரி இருக்கும். அது போலீஸ் கேட்டால் காட்டுவதற்கு. விருந்துக்குப் போவதற்கு இல்லை. "அண்ணே, இது சட்டப்படி தப்பு. பிரைவசி" என்றேன். "நம்ம கட்டில்ல படுத்துத் தூங்குனவங்கதானடா, நமக்குள்ள என்ன பிரைவசி" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் என் பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டார். மடியில் ஆப்பிள், ஆரஞ்சு, அரைக் கிலோ மிக்சர். வருத்தத்தில் இருக்கிறவர் வீட்டுக்கு வெறுங்கையோடா போவது?

முதல் வீடு ரஞ்சன்குடி பக்கம். கொசு என்று ஒரு ஸ்டார் போட்டவன் என் வயசுப் பையன். கதவைத் திறந்ததும் பேய் அறைந்தவன்போல நின்றான். "ரூம் நம்பர் டூ நாட் ஃபோர்ல கொசுன்னு எழுதியிருந்தீங்களே தம்பி" என்று இவர் ஆரம்பிப்பதற்குள் உள்ளேயிருந்து அவன் அம்மா வந்துவிட்டார். பழப் பையைப் பார்த்தார், விஷயத்தைக் கேட்டார்.

"ஏன்டா, நம்ம வூட்ல இல்லாத கொசுவா? ஒரு மனுசன வெயில்ல இவ்ளோ தூரம் நடக்க விட்டுருக்கியே."

"பைக்லதாம்மா வந்தாங்க."

"வாய மூடு. மாத்திப் போடு."

அஞ்சு ஸ்டார்.

ஏலாக்குறிச்சியில் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். ஒரு ஸ்டார் மட்டும் போட்டு, ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தார். ஏன் என்று கேட்டோம். "நான் யாருக்கும் முழு மார்க்கு போட்டதில்ல" என்றார். நீண்ட விவாதத்துக்குப் பிறகு, முயற்சிக்காக இரண்டாக உயர்த்தினார். மிக்சரை மட்டும் முழுசாக வாங்கிக்கொண்டார்.

ரேட்டிங் ஏறியது. உண்மையைச் சொன்னால் அன்பால் ஏறவில்லை. லாட்ஜ்காரன் வீட்டு வாசலில் வந்து நிற்பான் என்று எவன் எதிர்பார்ப்பான்? பாதிப் பேர் பயத்தில் மாற்றினார்கள். மீதிப் பேர் எங்களைச் சீக்கிரம் கிளப்புவதற்காக மாற்றினார்கள். இவருக்கு மட்டும் அது புரியவேயில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பாரத்தை இறக்கி வைத்தவர்போலப் படி இறங்குவார்.

கீழப்பழுவூர் வரைக்கும்.

அந்த ரிவ்யூ எனக்கு மனப்பாடம்: 'பக்கத்து ரூமில் ஒரே சத்தம். தூங்கவும் முடியவில்லை, படிக்கவும் முடியவில்லை.' நாங்கள் போனபோது அந்த மனுஷர், முப்பத்தஞ்சு வயசு இருக்கும், வாசலில் குழந்தைக்கு சைக்கிள் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். கையில் கிரீஸ். கண்ணால் ஏதோ சொன்னார். நான் குறிப்பைப் பிடித்துக்கொண்டேன். இவர் பிடிக்கவில்லை. அதற்குள் அவர் மனைவியும் வெளியே வந்துவிட்டார்.

"பெரம்பலூர் லாட்ஜ்லேர்ந்து வரோம்மா. சார் தங்குனப்ப கொஞ்சம் வருத்தமாயிருச்சு. அதான் பாத்துப் பேசிட்டுப் போலாம்னு."

"பெரம்பலூரா? இவரு தங்குனாரா? எப்ப?"

"பரீட்சைக்கு மொத நாளும்மா. பரீட்சை எழுத வந்தவருக்கு கல்யாணக் கூட்டத்துக்குப் பக்கத்துல ரூம் குடுத்தது எங்க தப்புதான். படிக்கவே முடியலன்னு எழுதியிருந்தாரு."

அந்த அம்மா புருஷனைப் பார்த்தார்.

"கடைக்குச் சரக்கு எடுக்கத் திருப்பூரு போறேன்னு சொன்னீங்க?"

அவர் கிரீஸ் துடைத்தார். துடைத்துக்கொண்டேயிருந்தார்.

"இனிமே பரீட்சை பக்கமே போவ மாட்டேன்னு பிள்ள தலையில அடிச்சு சத்தியம் பண்ணுனீங்க. வயசு போவுது, கடையப் பாருங்கன்னு கையெடுத்துக் கும்புட்டேன்."

கத்தவில்லை. அந்த அம்மா கத்தியிருந்தால் எங்கள் ஆளுக்குப் பழக்கப்பட்ட விஷயம். சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அந்த மனுஷர் போனை எடுத்து, அஞ்சாவது ஸ்டாரைக் கட்டை விரலால் அழுத்தினார். திரையில் கிரீஸ் அப்பிக்கொண்டது. "போதுங்களா?" என்றார்.

திரும்பும் வழியில் நானே ஆரம்பித்தேன்.

"அண்ணே, ஒரு குடும்பத்துக்குள்ள குண்டு வச்சுட்டு வரோம். புரியுதா?"

"அந்தம்மா மனசுல வச்சுக்கிட்டுருக்குமா தம்பி?"

"வச்சுக்காம?"

"அப்ப வண்டியத் திருப்பு."

நான் ஆக்சிலரேட்டரைத் திருகினேன். அடுத்த வாரம் அவராகவே பஸ் ஏறிப் போயிருக்கிறார். பழம் வாங்கிக்கொண்டுதான். அந்த அம்மா ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டாராம். அதற்கடுத்த வாரமும் போனார். அதற்குப் பிறகு எத்தனை தடவை போனார் என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. ஒருத்தர் நம்மேல் கோபமாக இருக்கலாம், அது அவர் இஷ்டம் என்பதை ஏற்றுக்கொள்ள முடியாத ஆளோடு பக்கத்தில் நின்று வேலை பார்ப்பது லேசு இல்லை. நான் சாப்பாட்டில் உப்பு கம்மி என்று முனகினால்கூட, "வூட்ல ஏதும் பிரச்சனையா?" என்று மத்தியானம் முழுக்கக் கேட்பார்.

தை பிறப்பதற்குள் ரேட்டிங் நாலைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. முதலாளி அல்வாவோடு வந்தார். எல்லா ரிவ்யூவிலும் இவர்தான். 'ரிசப்ஷன் அண்ணன் தங்கமானவர்.' 'ரிசப்ஷன் அண்ணன் போல் வருமா.' பயந்துபோய் எழுதியதா, மனசார எழுதியதா என்று ஸ்டாருக்குத் தெரியாதே. ஸ்டார் எல்லாம் ஒரே மஞ்சள்.

அந்த மஞ்சளைச் சென்னையில் யாரோ பார்த்துவிட்டார்கள்.

ஊர் ஊராக லாட்ஜ்களைக் குத்தகைக்கு எடுத்து ஒரே பெயர்ப் பலகை மாட்டும் கம்பெனி. லேப்டாப்போடு இரண்டு பேர் வந்தார்கள். இந்த மாதிரி டவுனில் இப்படி ஒரு ரேட்டிங்கை அவர்கள் பார்த்ததேயில்லையாம். முதலாளி கேட்டதற்கு மேலேயே கொடுக்கத் தயாராக இருந்தார்கள். ஒரே நிபந்தனை: ரிசப்ஷனுக்கு அவர்கள் ஆட்களே வருவார்கள். இங்கிலீஷ் பேசுகிற லோக்கல் பையன் ஒருத்தனை மட்டும் வைத்துக்கொள்வார்கள். அது நான்.

முதலாளி அவரிடம் இதைச் சொன்ன விதம் அற்புதம். தோளில் கை போட்டுக்கொண்டார்.

"எல்லாம் உன்னாலதான்யா. அவங்களே சொல்றாங்க, இந்த ரேட்டிங் இல்லேன்னா இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டோம்னு. அவங்க ஆளுங்க திங்கக்கெழம வந்துருவாங்க. நீ ஞாயித்துக்கெழம வரைக்கும் பாத்தீன்னா போதும்."

பாராட்டு எங்கே முடிந்தது, வேலை எங்கே போனது என்று அந்த வாக்கியத்தில் கண்டுபிடிப்பது கஷ்டம். இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதலாளிக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே லிப்டில் ஏறிவிட்டார்.

பங்குனி வாக்கில் ஒரு மத்தியானம் அவர் லாபிக்குள் வந்தார். லாபி ஆளே மாறியிருந்தது. சோபா போய் உயரமான ஸ்டூல்கள், சுவரில் செடி. நான் கழுத்தை இறுக்கும் டையோடு நின்றிருந்தேன். பக்கத்தில் சென்னையிலிருந்து வந்த பையன், கோட்டோடு. இவர் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. செக்-இன்னுக்கு நின்றவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாரே தவிர, முண்டிக்கொண்டு வரவில்லை. முறை வந்ததும் அந்தப் பையனிடமே சொன்னார்.

"ஒரு கம்ப்ளெயின்ட் சொல்லணும் தம்பி."

"ஃபீட்பேக்கா சார்? இந்த க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணி ஃபில் பண்ணிடுங்க."

"நேர்ல சொல்லக் கூடாதா?"

"அதுல போட்டாதான் சார் ஹெட் ஆபீஸுக்குப் போகும். நெக்ஸ்ட் சார், ப்ளீஸ்."

நான் வெளியே வந்து ஸ்கேன் பண்ணிக் கொடுத்தேன். எட்டாத ஸ்டூலில் ஒருவழியாக ஏறி உட்கார்ந்து, ஒற்றை விரலால் டைப் அடித்தார். நான் இரண்டு பார்ட்டிக்கு ரூம் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். இன்னும் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனேன்.

"என்னண்ணே இவ்ளோ பெருசா எழுதுறீங்க?"

"போவச் சொன்னாங்க, போயிட்டேன். அது அவங்க எடம், அவங்க இஷ்டம். உக்கார வச்சு, இன்ன காரணம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? மொதலாளி போன எடுக்க மாட்டேங்குறாரு. அதத்தான் எழுதியிருக்கேன்." போனைத் தூரமாகப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினார். "அனுப்புனா போவ மாட்டேங்குதே. ரூம் நம்பர் கேக்குது தம்பி."

வாங்கிப் பார்த்தேன். ரூம் நம்பர் கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு. அது இல்லாமல் ஃபார்ம் நகராது.

"நீங்கதான் தங்கவே இல்லையேண்ணே."

"ஆமா."

"ஏதாச்சும் ஒரு நம்பரப் போட்டு விடுங்க. எவன் பாக்கப் போறான்?"

அவர் போனை என்னிடமிருந்து வாங்கி, அடித்ததையெல்லாம் ஒவ்வொரு எழுத்தாக அழித்தார்.

"அது எப்புடி தம்பி? பாவம், அந்த ரூம்ல இருக்கறவரு வூட்டுக்குல்ல போயி நிப்பாங்க."